ஊழியத்துக்கு அல்ல, படிப்புக்கு

இறையியல் கல்லூரி விண்ணப்பத்தில் ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். ஊழியத்துக்கான அழைப்பை எப்போது, எந்தச் சூழ்நிலையில் பெற்றீர்கள் என்பது கேள்வி. வாலிபப் பிள்ளைகள் அங்கேதான் வெளுத்து வாங்குவார்கள். காய்ச்சலில் கிடந்தபோது குரல் கேட்டது, பஸ் கவிழ்ந்தும் ஒரு கீறல் இல்லாமல் எழுந்து வந்தேன் என்று இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதுவார்கள். மூச்சு சார் அந்த அரைப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். ‘பெறவில்லை.’ எழுதியதோடு நிற்காமல் அழுத்தமாக ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தார்.

மூச்சு சார் என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருடமாக, நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை, “மூச்ச நல்லா இழுங்க, அப்படியே புடிங்க, ம், விடுங்க” என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அம்மாவோடு இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. பக்தி என்று பார்த்தால், சபையில் கடைசி வரிசை, கதவுக்குப் பக்கத்து இருக்கை. பிரசங்கம் நீண்டால் கொட்டாவியை வாய் திறக்காமல் விடத் தெரிந்த மனிதர். இப்படிப்பட்ட ஆளுக்கு வேதம் படிக்கிற கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று சபையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் அவருடைய அம்மா. அவள் ஆலயத்தில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தை எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். வீட்டுக்கு வந்தால், அம்மாவை ஒரு தடவை சிரிக்கவைக்காமல் செருப்பைக் கழற்றமாட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பத்திரண்டு வயதில், அவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். ஏன் என்று ஒரு வரி எழுதிவைக்கவில்லை. முந்தின நாள்கூட அண்ணனுக்குப் போன் செய்து, அம்மாவின் மூட்டுவலிக்கு எந்த டாக்டர் நல்லவர் என்று விசாரித்தான். அந்த நான்கு நிமிடப் பேச்சை மூச்சு சார் எத்தனை ஆயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாரோ! அதில் ஒன்றும் அகப்படவில்லை.

அடக்கத்தன்று ஆலய மணி அடிக்கவில்லை. அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கச் சுவரோரமாகக் குழி வெட்டியிருந்தார்கள். போதகர் நாலே நாலு வரி ஜெபம் சொல்லிவிட்டு நடையைக் கட்டப் பார்த்தார். அம்மா போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, என் பிள்ள இப்ப எங்க இருக்கான்?”

எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போதகர் குழியைச் சுற்றி நின்ற வாலிபர்களை ஒரு தடவை பார்த்தார்.

“இப்படிப் போனவங்களுக்கு அங்க இடம் இல்லம்மா. நான் சொல்லல, வேதம் சொல்லுது.”

அம்மா கையை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவாள், பாட்டுப் புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள். திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழுந்து போகும்போது அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் அவள் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போகவேண்டும். “என் பிள்ளைக்கு இல்லாத விருந்து எனக்கு எதுக்கு?” என்று ஒரே ஒரு தடவை மகனிடம் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. வீட்டில் டிவி ஓடினால் பார்ப்பாள், நின்றால் நின்ற திரையைப் பார்ப்பாள். எழுபது வயதில் ஒருத்தி உயிரோடு இருந்துகொண்டே தன்னைத் தள்ளிவைத்துக்கொண்டால் அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் சோறு இறங்கும்? மூச்சு சாருக்கு இறங்கவில்லை. ஒரு நாள் நேராகப் போதகரிடமே போய்க் கேட்டார்.

“ஐயா, அன்னிக்கு வேதம் சொல்லுதுன்னீங்களே, அது எங்க இருக்கு? இடத்த மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

“அது ஒரு எடத்துல பட்டுனு இருக்காது தம்பி. மூலமொழில படிச்சவங்களுக்குத்தான் அது புரியும்.”

போதகர் பேச்சை முடிப்பதற்காகச் சொன்னார். மூச்சு சார் அதைப் பிடித்துக்கொண்டார். மூலமொழியா, அதையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று அந்த வாரமே இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார்.

முதலாவது, சபைகள் சேர்ந்து நடத்துகிற பெரிய செமினரி. விடுதி இலவசம், சாப்பாடு இலவசம், படிப்பு நான்கு வருடம். முடித்தவனைக் கையோடு ஒரு சபையில் உதவிப் போதகராக வைப்பார்கள், அப்போதே தலையில் கை வைத்து அபிஷேகம், அங்கி, எல்லாம். இரண்டாவது, ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன இறையியல் கல்லூரி. அங்கே வேதத்தைப் படிப்பாகப் படிக்கலாம், பிரசங்கப் பயிற்சி கிடையாது, யாரும் தலையில் கை வைக்கமாட்டார்கள். வகுப்பு மதியத்துக்கு மேல்தான். முடித்தால் ஒரு காகிதம் கிடைக்கும். அந்தக் காகிதத்துக்கு எங்கும் வேலை கிடையாது.

பெரிய செமினரியின் முதல்வர் அவரை நேரில் கூப்பிட்டனுப்பினார். விண்ணப்பத்தில் அந்த ஒற்றைச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இருபத்தாறு வருஷமா இந்த ஃபாரத்தப் பாக்கறேன். இப்படி ஒருத்தரும் எழுதினதில்ல. அழைப்பு இல்லாம எதுக்கு வர்றீங்க?”

“படிக்க வர்றேன் ஐயா.”

“படிச்சுட்டு?”

“தெரிஞ்சுக்குவேன்.”

முதல்வர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. “கூசாமப் பொய் சொல்ற பசங்களையே சேத்துக்கறோம். உங்கள மாதிரி உள்ளத சொல்ற ஆள விட மனசு வரல. ஊழியத்துக்கு வர்றேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, அழைப்பு போகப்போக வரும்” என்றார்.

மூச்சு சார் பேனாவை வாங்கினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். போதகராகக் குழிமேட்டில் நின்று இன்னொரு தாயிடம் எதைச் சொல்லப்போகிறோம் என்று நினைத்தபோதே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதோடு தொழிலும் அவரைக் கெடுத்திருந்தது. எக்ஸ்ரே அறையில் எலும்பு இரண்டாகக் கிடப்பது அவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். “ஒடஞ்சிருக்கா சார்?” என்று கேட்பார்கள். “டாக்டர் சொல்வாரு” என்பார். பார்ப்பது ஒருவர், சொல்வது இன்னொருவர் என்கிற ஏற்பாட்டில் பதினெட்டு வருடம் சுகமாக இருந்தவர். தெரிந்துகொண்டால் போதும், சொல்கிற வேலை நமக்கு வேண்டாம் என்று நினைத்தார். அம்மாவிடம் மட்டும் சொன்னால் போதும். பெற்ற தாயிடம் சொல்ல அங்கி எதற்கு?

இதில்தான் மனிதர் சறுக்கினார். ஆனால் அன்றைக்கு அவரை யாரும் தடுக்கவில்லை, எனக்கும் அன்றைக்கு அது சரியென்றுதான் பட்டிருக்கும்.

விஷயம் அம்மாவின் காதுக்கு அரைகுறையாகப் போயிருந்தது. அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் கழுவி, தலை வாரி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளாகப் பேச்செடுத்தாள்.

“பெரிய செமினரிக்குப் போறியாமே. நீ போதகராகப் போறியா?”

“இல்லம்மா. சும்மா படிக்கத்தான் போறேன். அதுவும் அங்க இல்ல, வேற காலேஜ்.”

“சும்மா படிக்கவா?”

“ஆமா.”

அவள் முகத்தில் எழுந்தது அப்படியே அடங்கியது. “சரி, படி” என்றாள். படிப்பது அவளுக்காகத்தான் என்று அவர் சொல்லவில்லை. கையில் பதிலோடு வந்து சொல்லலாம் என்று இருந்துவிட்டார்.

படிப்பு அவரைப் போட்டு மிதித்தது. காலை ஆறு மணியிலிருந்து இரண்டு வரை எக்ஸ்ரே அறை, பஸ்ஸில் ஒரு மணி நேரம், மூன்றரைக்கு வகுப்பு. வகுப்பில் மொத்தம் ஏழு பேர், மற்ற ஆறு பேரும் அவர் வயதில் பாதி. அவர்கள் அவரை அங்கிள் என்றார்கள். மொழி ஆசிரியைக்கே முப்பது வயதுதான். பழைய மொழிகளை மார்க்கெட்டில் பேரம் பேசுகிற வேகத்தில் பேசுவாள், தப்பாகப் படித்தால் “சார், இது எக்ஸ்ரே இல்ல, ரெண்டு தடவ எடுக்கலாம்” என்பாள். வினைச்சொல் வாய்பாடுகளை அவர் பழைய எக்ஸ்ரே கவர்களின் பின்பக்கம் எழுதி, மெஷினுக்குப் பக்கத்தில் செருகிவைத்திருந்தார். ஒரு தடவை, நெஞ்சுப் படத்துக்கு நின்ற ஒரு பெரியவரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு வினைச்சொல்லின் இறந்தகாலத்தைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டார். பெரியவர் முகம் சிவந்து, கை ஆட்டி, கடைசியில் “சார், விடலாமா?” என்று வெடித்துவிட்டார். அந்தக் கதை ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு மாதம் ஓடியது.

முதல் வருடம் எழுத்துக் கூட்டினார். இரண்டாம் வருடம் அகராதியைத் தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக நகர்ந்தார். மூன்றாம் வருடம் தேட ஆரம்பித்தார். வேதத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய் நின்று, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் படித்தார். செத்தான் என்று இருந்தது, புதைத்தார்கள் என்று இருந்தது. அவனுக்கு இடமில்லை என்று எங்கும் இல்லை. அவர்களில் ஒருவனைக் கொண்டுபோய்த் தகப்பனின் கல்லறையிலேயே வைத்திருந்தார்கள். அந்த வரியைப் படித்தபோது மூச்சு சாருக்குச் சுவரோரத்துக் குழி நினைவுக்கு வந்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதார்.

ஆனாலும் தன்னை நம்பாமல் நான்காம் வருடம் முழுக்க மறுபடி தேடினார். கடைசியில் ஆசிரியையிடம் நோட்டைக் கொடுத்தார். அவள் இரண்டு நாள் வைத்திருந்து, பென்சிலால் நாலைந்து இலக்கணப் பிழைகளைத் திருத்தித் தந்தாள்.

“நீங்க கண்டது சரி சார். அப்படி ஒரு வசனம் கிடையாது. பின்னாடி வந்தவங்க சேத்துக்கிட்டது.”

அன்று வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மா துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நோட்டையும் வேதத்தையும் துணிகளுக்கு நடுவே விரித்துவைத்து, ஒவ்வொரு இடமாகப் படித்துக் காட்டினார். அம்மா ஏனோதானோவென்று கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவர்களில் ராஜாவாக இருந்த ஒருவன் ஏன் செத்தான், அவனுக்கு அம்மா இருந்தாளா என்று குறுக்குக் கேள்வி கேட்டாள். தகப்பன் கல்லறை வரியை விரல் வைத்து மூன்று தடவை படித்தாள். நான்கு வருடமும் வீண்போகவில்லை என்றே மூச்சு சார் நினைத்துவிட்டார்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நல்லாப் படிச்சிருக்கப்பா. ஆனா நீ சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?”

“நான் எங்கம்மா சொல்றேன்? இங்கயே இருக்கே!”

“இருக்குன்னு நீதான சொல்ற. நீ அவனுக்கு அண்ணன். எனக்குப் பிள்ள. நான் உக்காந்து கெடக்கறதப் பாக்க முடியாம நீ என்ன வேணாலும் தேடிக் கண்டுபிடிப்ப. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்.” ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். “இடமில்லன்னு சொன்னவர் அங்கி போட்டவரு. தலைல கை வச்சு அனுப்பினவரு. உண்டுன்னும் அப்படி ஒருத்தர் சொல்லணும். நீ அன்னிக்கே அந்தப் பெரிய காலேஜுக்குப் போயிருந்தா, இன்னிக்கு நீயே சொல்லியிருக்கலாம். வீட்டுல பிள்ள, ஆனா அங்கி போட்டா அது வேற ஆளு. நான் நம்பியிருப்பேன்.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. துணியை மடித்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள். மூச்சு சாருக்குப் பேனாவை வாங்கித் திருப்பிக் கொடுத்த அந்த நிமிடத்துக்குப் போய், தன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுக்கலாமா என்றிருந்தது. இனிமேல் அங்கே போய் நின்றால் நாற்பத்தைந்து வயதுக்காரரைச் சேர்க்கமாட்டார்கள், சேர்த்தாலும் அங்கி கைக்கு வர அம்மாவுக்கு எண்பது நெருங்கிவிடும். மிச்சமிருந்தது ஒரே வழிதான். அன்றைக்கு இடமில்லை என்று சொன்ன அதே போதகர்.

போதகருக்கு ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. நோட்டை நாலு பக்கம் புரட்டியவர், மீதியைப் படிக்காமலே மூடினார்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“எப்ப இருந்து?”

“அன்னிக்கே தெரியும்.” போதகர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “அந்த வருஷம் உங்க தம்பி மூணாவது ஆளு. வாலிபப் பசங்க எல்லாம் குழியச் சுத்தி நின்னுட்டிருந்தாங்க. இடம் உண்டுன்னு சொன்னா, நாலாவதா ஒருத்தன் கிளம்பிடுவானோன்னு பயந்துட்டேன். பயமுறுத்தினா நிக்கும்னு நெனச்சேன். உங்கம்மா கேட்டாங்கன்னு பதில் சொல்லல, அவனுங்களுக்காகச் சொன்னேன்.”

மூச்சு சாருக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டுமே. “வந்து அம்மாகிட்ட சொல்லுங்க” என்று மட்டும் கேட்டார். போதகர் பிடி கொடுக்கவில்லை. சபையில் கேட்பார்கள், மணி ஏன் அடிக்கவில்லை என்பார்கள், சுவரோரம் கிடக்கிற மற்றவர்களின் வீட்டாரும் வருவார்கள் என்றார். மூச்சு சார் மறு வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். மூன்றாவது தடவை அவர் நோட்டை மேசையில் விரித்துவைத்துவிட்டுப் போதகருக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். “சரி, வர்றேன்” என்றார் போதகர்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். அங்கியை ஒரு துணிப்பையில் மடித்துக் கொண்டுவந்து, மாடிப்படித் திருப்பத்தில் நின்று போட்டுக்கொண்டார். மூச்சு சார்தான் கடைசி இரண்டு பொத்தானைப் போட்டுவிட்டார்.

அம்மா எழுந்து நின்றாள். போதகர் அவளை உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்லமுடியாது.

“அம்மா, உங்க சின்னப் பிள்ளைக்கு அங்க இடம் உண்டு. இல்லன்னு வேதத்துல எங்கயும் சொல்லல.”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அப்ப அன்னிக்கு ஏன் ஐயா இல்லன்னு சொன்னீங்க?”

“அன்னிக்கு… அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேம்மா.”

“தெரியாம சொன்னீங்களா?”

போதகர் மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தார்.

“தெரிஞ்சுதாம்மா சொன்னேன். மன்னிச்சுக்கணும். மத்த பசங்க கெட்டுடக் கூடாதுன்னு…”

“பரவால்லங்க ஐயா” என்றாள் அம்மா. மரியாதை குறையாமல்தான் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். போதகர் ஜெபித்தபோது தலை குனிந்தாள், முடிந்ததும் ஆமென் சொன்னாள். மூச்சு சார் அவரைப் படி வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, காலில் ஒரு வேகத்தோடு திரும்பி வந்தார். அம்மா நாற்காலியில் அதே இடத்தில் இருந்தாள். கண் கலங்கியிருக்கும், முகம் தெளிந்திருக்கும் என்று நினைத்து வந்தவருக்கு அவளுடைய வறண்ட முகத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

“என்னம்மா, அவரே வந்து சொல்லிட்டாரு இல்ல?”

“சொன்னாரு. பசங்க கெட்டுடக் கூடாதுன்னு அன்னிக்கு ஒண்ணு சொன்னாரு. கெழவி அழக் கூடாதுன்னு இன்னிக்கு ஒண்ணு சொல்றாரு. நீயும் அதுக்குத்தான் சொன்ன.” அவள் குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. “இத்தன வருஷமும் அங்கி போட்டவர் சொன்னா அது நெசமா இருக்கும்னு ஒண்ண நம்பிக்கிட்டு இருந்தேன். இனி நான் யார்கிட்டப்பா கேக்கறது?”

நான்கு வருடம், இரண்டு பழைய மொழிகள், ஒரு நோட்டு நிறைய ஆதாரம் எல்லாம் மூச்சு சாரிடம் இருந்தன. நோட்டைக் கையில் எடுத்தவர், திறக்காமலே கீழே வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். பிறகு டிவியைப் போட்டாள்.